கைசரும் சங்கிலியனும்: ஒடாஹுஹுவிலிருந்து ஒரு பார்வை

"அவன் சரியான எம்டன்" என்று ஒருநாளாவது ஆரையாவது சொல்லாத யாழ்ப்பாணத்து வீடு இருக்காது. தந்திரக்காரன், ஆரும் பிடிக்க ஏலாதவன் என்று அதற்கு அர்த்தம். சென்னையிலும் இதே சொல் இதே அர்த்தத்தில் புழங்குகிறது. அது ஒரு ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தாங்கிகளைக் கொளுத்திவிட்டு இருட்டோடு மறைந்துபோன கப்பல். அந்தக் காலத்து ஜேர்மன் போர்க்கப்பல்கள் எல்லாவற்றின் பெயருக்கும் முன்னால் 'மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல்' என்ற அடைமொழி இருக்கும். அந்த மன்னர், ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். உலகம் 'கைசர்' என்று அறிந்தவர். கப்பலின் பெயர் எங்கட மொழியில் நிலைத்துவிட்டது. கப்பலுக்கு உடையவரை நாங்கள் மறந்துவிட்டோம்.

ஒரு மன்னரை ஆர் மறக்கிறார்கள், ஆர் நினைக்கிறார்கள், எதற்காக நினைக்கிறார்கள் என்பது சும்மா பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. ஜேர்மனியில் அந்தக் கேள்வியின் விடை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எங்களுக்குள் அது சிலைகளாகவும் விழாக்களாகவும் பிள்ளைகளின் பாடமாகவும் வந்து நிற்கிறது. நான் வசிக்கும் ஒடாஹுஹுவில் இருந்து பார்த்தால் இவை எல்லாம் ஒரே தெருவில் இருப்பதுபோல் தெரியும்.

ஒக்லாந்தின் தெற்கே, இரண்டு கடல்கள் கிட்ட வந்து கைகொடுக்கும் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது ஒடாஹுஹு. முற்காலத்தில் மாவோரி மக்கள் தங்கள் ஓடங்களைத் தரையில் இழுத்து ஒரு கடலிலிருந்து மற்றக் கடலுக்குக் கொண்டுபோன இடம். இன்றைக்கு இங்கே சமோவாக்காரரும் தொங்காக்காரரும் இந்தியரும் பிஜி இந்தியரும் நாங்களும் ஒரே கடைத்தெருவில் மரக்கறி வாங்குகிறோம். கிரேட் சவுத் வீதியில் இரண்டு நினைவுச் சின்னங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று முதலாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான குதிரை வீரன் சிலை. மற்றது கேர்ணல் நிக்சனுக்கு 1868இல் எழுப்பிய கூர்ந்த கல்தூண். 1864 பெப்ரவரியில் ரங்கியாஓவியா என்ற மாவோரி ஊர்மீது நடந்த தாக்குதலில் படை நடத்திக் காயப்பட்டு, பிறகு இறந்தவர் அவர். பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் இருந்த ஊர் அது. அந்தத் தூணை அகற்ற வேண்டும் என்ற குரல் சில வருடங்களுக்கு முன் எழுந்தது. தூண் இன்னும் நிற்கிறது.

குதிரை வீரன் எந்த மன்னருக்கு எதிராகப் போனான்? கைசருக்கு எதிராக. எந்த மன்னருக்காகப் போனான்? கைசரின் மச்சானுக்காக. எங்கட முறைப்படியே சொல்கிறேன். கைசரின் தாய், விக்டோரியா மகாராணியின் மூத்த மகள். பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜின் தகப்பன் அந்தத் தாயின் தம்பி. மாமன் மகனும் அத்தை மகனும். ரஷ்யாவின் சார் மன்னர் நிக்கலஸும் இதே குடும்பம்தான். அவருடைய தாயும் ஜோர்ஜின் தாயும் கூடப்பிறந்தவர்கள். எங்கட கணக்கில் அது அண்ணன் தம்பி முறை. மச்சானோடு ஜோர்ஜ் போருக்குப் போனார். பதவி இழந்த தம்பிக்கு 1917இல் பிரித்தானியாவில் இடம்கொடுக்கவும் கடைசியில் பின்வாங்கினார். இந்தக் குடும்பச் சண்டைக்குத்தான் ஒடாஹுஹுவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் பெடியள் போய்ச் செத்தார்கள்.

எம்டனின் கதையும் இங்கேதான் வந்து முடிகிறது. 1914 நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் எம்டனை அடித்துக் கரையேற்றியது 'சிட்னி' என்ற அவுஸ்திரேலியக் கப்பல். அப்போது சிட்னி காவல்போய்க்கொண்டிருந்த கப்பல் வரிசையில் அவுஸ்திரேலியப் படையினரோடு நியூசிலாந்துப் படையினரும் இருந்தார்கள்.

பெயர் மாற்றிய காலம்

போர் நடக்கும்போது ஜேர்மன் என்ற சொல்லே பாவமாகிவிட்டது. ஐந்தாம் ஜோர்ஜ் 1917 ஜூலை 17இல் தன் குடும்பத்தின் ஜேர்மன் பெயரான சாக்ஸ்-கோபர்க்-கோத்தாவைக் கைவிட்டு 'வின்ட்சர்' ஆனார். மன்னர் மாற்றினால் குடிமக்களும் மாற்றத்தானே வேண்டும். ஒடாஹுஹுவின் பெரிய பியர் ஆலையைத் தொடங்கிய குடும்பத்தை எடுத்துப் பாருங்கள். இன்றைக்கு 'கூட்ஸ்' என்று ஆங்கிலமாகக் கேட்கும் அந்தப் பெயர், ஜேர்மனியில் இருந்து வந்த பாட்டன் காலத்தில் 'க்யூட்ஸ' என்று இருந்தது. போர்க்கால வெறுப்பில் அதை மாற்றினார்கள். மன்னர் பெயர் மாற்றியது அரச பிரகடனம். பியர் காய்ச்சுகிறவர் மாற்றியது பயம்.

அதே நேரம் வெலிங்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மொழிகள் கற்பித்த பேராசிரியர் வொன் செட்லிட்ஸ், ஜேர்மனியில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, 1915இல் அதற்கென்றே இயற்றிய ஒரு சட்டத்தால் வேலை இழந்தார். சாதாரண ஜேர்மன் குடியேறிகள் வெலிங்டன் துறைமுகத்தில் உள்ள சோம்ஸ் தீவில் அடைக்கப்பட்டார்கள். கைசர் செய்ததற்கு, கைசரைக் கண்ணாலும் காணாதவர்கள் கணக்குத் தீர்த்தார்கள். ஒரு மன்னரின் பெயரில் ஒரு முழு இனத்தையே சந்தேகிப்பது எப்படி நடக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

ஒரே மன்னர், இரண்டு நினைவு

இனி சமோவாவுக்கு வருவோம். 1900 மார்ச் 1இல் மேற்குச் சமோவாவில் கைசரின் கொடி ஏறியது. முதல் ஆளுநர் வில்ஹெல்ம் சொல்ப். சமஸ்கிருதம் படித்து, கல்கத்தாவில் ஜேர்மன் துணைத்தூதரகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர். 1914 ஓகஸ்ட் 29இல் நியூசிலாந்துப் படை ஒரு வேட்டுக்கூட வெடிக்காமல் அப்பியாவில் இறங்கி அந்தக் கொடியை இறக்கியது.

என்னோடு வேலைசெய்யும் சமோவாக்காரர் ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர், "ஜேர்மன்காரன் இருந்த காலம் பரவாயில்லை என்று எங்கட பாட்டி சொல்லுவா" என்று ஒருநாள் சொன்னார். தென்னை நடச் சொன்னான், ரோட்டுப் போட்டான், மற்றப்படி எங்களை எங்கட பாட்டில் விட்டான் என்று. இந்த நினைவு பொய் இல்லை. ஆனால் அது ஏன் அப்படி அமைந்தது என்று பார்க்க வேண்டும். நியூசிலாந்து வந்த பிறகு நடந்தது இது: 1918 நவம்பர் 7இல் ஒக்லாந்திலிருந்து போன 'தலூனே' என்ற கப்பல் இன்புளுவென்சாவைக் கொண்டுபோய் அப்பியாவில் இறக்கியது. நோயாளிகள் இருந்த கப்பலைத் தனிமைப்படுத்தாமல் விட்டார்கள். ஏறத்தாழ 8,500 பேர் இறந்தார்கள். சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பக்கத்திலிருந்த அமெரிக்கச் சமோவாவில் துறைமுகத்தைப் பூட்டியதால் ஒருவரும் சாகவில்லை. பிறகு 1929 டிசம்பர் 28இல் அமைதியாக ஊர்வலம் போன மக்கள்மீது நியூசிலாந்துப் பொலிஸ் சுட்டது. உயர்குடித் தலைவர் துப்புவா தமசேசே லெயலோபி உட்படப் பலர் இறந்தார்கள். இதற்கெல்லாம் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002இல்தான் அப்பியாவில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

பின்னால் வந்தவன் இப்படி என்றால், முன்னால் போனவன் நல்லவனாகத் தெரிவது இயல்பு. ஆனால் ஜேர்மன் காலத்தில் எதிர்த்துப் பேசிய லவாக்கி நமுலவுலு மமோயே என்ற பேச்சாளரை 1909இல் சைபான் தீவுக்கு நாடுகடத்தியது இதே சொல்ப்தான். அவர் உயிரோடு ஊர் திரும்பவில்லை. தோட்டங்களுக்குச் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்ததும் அதே ஆட்சிதான். அவர்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை வரும். மலையகத்துச் சனத்திடம் வெள்ளைக்காரத் துரையின் நற்பெயர் பற்றிக் கேட்பது போலத்தான் இருக்கும்.

அதே கைசரின் கொடிக்குக் கீழே, அதே வருடங்களில், இன்றைய நமீபியாவில் என்ன நடந்தது? ஹெரேரோ மக்கள் கிளர்ந்தபோது கைசர் தெரிவுசெய்து அனுப்பிய தளபதி வொன் துரோத்தா, 1904 ஒக்டோபரில் அவர்களை அழிக்கும்படி கட்டளை போட்டார். பல்லாயிரக்கணக்கானோரைப் பாலைவனத்தில் தாகத்தாலும், பிறகு முகாம்களிலும் கொன்றார்கள். நாமா மக்களுக்கும் அதே கதி. ஜேர்மன் அரசு 2021இல்தான் அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. அப்பியாவின் பாட்டி சொன்னது உண்மை. வின்ட்ஹூக்கின் பாட்டி சொல்வதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாத வரலாறு அரை வரலாறு.

வரலாற்றாசிரியரின் கையில் சொத்து

கைசர் 1918 நவம்பரில் ஒல்லாந்துக்கு ஓடினார். அங்கே டோர்ன் என்ற ஊரில் விறகு வெட்டிக்கொண்டு இருபது வருடத்துக்கும் மேல் வாழ்ந்து 1941இல் இறந்தார். அதற்குப் பிறகு தொடங்கியது வரலாற்றாசிரியர்களின் போர். 1961இல் பிரிட்ஸ் பிஷர், போருக்கு ஜேர்மனியின் ஆட்சியாளர்களே முக்கிய பொறுப்பு என்று எழுதி நாட்டையே குழப்பினார். ஜோன் ரோல் மூன்று பெரிய தொகுதிகளில், முடிவுகளின் மையத்தில் கைசர்தான் இருந்தார் என்று கடிதம் கடிதமாகக் காட்டினார். ஹான்ஸ் உல்ரிச் வேலர், கைசர் ஒரு நிழல், அவரைச் சுற்றியிருந்த நிலப்பிரபுக்களும் படையும்தான் அசல் என்றார். கிறிஸ்தோபர் கிளார்க், பேச்சு அதிகம், பலன் குறைவு, போருக்குள் எல்லா வல்லரசுகளும் தூக்கத்தில் நடந்துபோய் விழுந்தன என்றார். ஒவ்வொருவரும் பத்திரம் வைத்துத்தான் பேசினார்கள்.

இதில் சாதாரண சனத்துக்கு என்ன என்று கேட்கலாம். 1994இல் ஜேர்மனியில் ஒரு சட்டம் வந்தது. கிழக்கில் சோவியத் காலத்தில் நிலமும் உடைமையும் இழந்தவர்கள் இழப்பீடு கேட்கலாம். ஆனால் நாசி ஆட்சி வருவதற்குக் கணிசமாகத் துணைபோனவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் இல்லை. கைசரின் குடும்பம் இழப்பீடு கேட்டது. அப்போது எழுந்த கேள்வி இது: கைசரின் மூத்த மகன், பட்டத்து இளவரசர் வில்ஹெல்ம், ஹிட்லருக்குக் கணிசமாகத் துணைபோனாரா? 1932 தேர்தலில் அவர் ஹிட்லருக்கு வாக்களிக்கச் சொன்னவர். 1933 மார்ச்சில் பொட்ஸ்டாமில் ஹிட்லர் பழைய பிரஷ்யப் பெருமையைப் போர்த்திக்கொண்டு நின்ற விழாவில் முன்னால் இருந்தவர். இரு தரப்பும் வரலாற்றாசிரியர்களிடம் நிபுணர் அறிக்கை வாங்கின. இரண்டு அறிக்கைகள் குடும்பத்துக்குச் சாதகமாக, இரண்டு எதிராக. சாதகமாக எழுதியவர்களில் ஒருவர் அதே கிளார்க். இளவரசர் பெரிய ஆள் இல்லை என்று முதலில் எழுதியவர், புதிய ஆதாரங்கள் வந்த பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 2019இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவையாளர் அந்த அறிக்கைகளைப் பொதுவெளியில் போட்டார். நாடு முழுக்க அதையே கதைத்தது. ஆய்வாளர்கள்மீதும் ஊடகங்கள்மீதும் குடும்பம் சட்ட நடவடிக்கை எடுத்தது. கடைசியில் 2023 மார்ச்சில் இழப்பீட்டு வழக்குகளைக் கைவிட்டது.

நான் இதில் கவனிப்பது தோற்றதையும் வென்றதையும் இல்லை. மன்னர் குடும்பம் நல்லதா கெட்டதா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. இன்ன ஆள், இன்ன காலத்தில், இன்ன காரியம் செய்தாரா என்று கேட்டது. கேள்வி கூர்மையாக இருந்தபடியால்தான் விடையும் ஆதாரத்தோடு வந்தது. ஒரு வரலாற்றாசிரியர் கருத்தை மாற்றிக்கொண்டதற்காக அங்கே ஒருவரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை.

ஜேர்மனியில் எல்லாம் இப்படி நேர்மையாகத்தான் நடந்தது என்றும் இல்லை. பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடெரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழல் வாசித்த, தத்துவம் பேசிய, பக்கத்து நாட்டின் சிலேசியாவைப் பிடுங்கிய மன்னர். ஹிட்லர் அவரின் படத்தைக் கடைசி நாட்களில் பதுங்கு குழியிலும் மாட்டி வைத்திருந்தார். போர் முடிந்தபின் கிழக்கு ஜேர்மனி அவருடைய குதிரைச் சிலையை பேர்லின் வீதியிலிருந்து அகற்றியது. தனக்கும் ஒரு பழம்பெருமை தேவைப்பட்டபோது 1980இல் அதே சிலையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. 1991இல் அவருடைய எலும்புகளை பொட்ஸ்டாமில் மீண்டும் அடக்கம் செய்தபோது சான்சலர் கோலும் போய் நின்றார். இன்றைக்கு அந்தக் கல்லறைமேல் சனம் உருளைக்கிழங்கு வைக்கிறது, குடியானவர்களை அதைப் பயிரிடச் சொன்னவர் என்ற நன்றிக்கு. சிலேசியாவில் செத்தவர்களுக்காக அங்கே ஆரும் ஒன்றும் வைப்பதில்லை.

எங்கட மன்னர்கள்

இனி எங்கட வீட்டுக்குள் வருவோம். நல்லூர் முத்திரைச் சந்தியில் வாளோடு சங்கிலியன் நிற்கிறான். எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், சங்கிலி என்ற பெயரில் இரண்டு மன்னர்கள் என்று? முதல் சங்கிலி 1519இலிருந்து 1561 வரை ஆண்டவன். போர்த்துக்கேயரைக் கடைசிவரை எதிர்த்தவன். இரண்டாமவன் 1617இல் ஆட்சியைப் பிடித்து 1619இல் போர்த்துக்கேயரிடம் தோற்று, கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டவன். ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இருவரையும் ஒருவராக்கிவிட்டது. சுவாமி ஞானப்பிரகாசர் போன்றவர்கள் போர்த்துக்கேய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பிரித்துக் காட்டினார்கள். மேடைப் பேச்சில் இன்றும் அவர்கள் ஒருவர்தான்.

முதல் சங்கிலிதான் 1544இல் மன்னாரில் புதிதாகக் கத்தோலிக்கம் தழுவிய ஏறத்தாழ 600 பேரைக் கொல்லச் செய்தவன். பட்டங்கட்டிகளும் கடற்றொழிலாளரும், பெண்களும் பிள்ளைகளும். தமிழர். மன்னார்க் கத்தோலிக்கர் அவர்களை வேதசாட்சிகளாக இன்றும் வணங்குகிறார்கள். நல்லூரில் வீரன், மன்னாரில் கொலைஞன். சமோவாப் பாட்டியும் நமீபியப் பாட்டியும் போலத்தான் இதுவும். ஒரு வித்தியாசம், இந்த இரண்டு பாட்டிகளும் ஒரே மொழி பேசுகிறவர்கள். ஒரே மாகாணத்தில் இருக்கிறவர்கள்.

அவன் அரசியல் காரணத்துக்காகச் செய்தான், மதம் மாறினவர்கள் போர்த்துக்கேயருக்குக் குடியாகிவிடுவார்கள் என்ற பயம் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையான விளக்கமாகவே இருக்கலாம். ஆனால் விளக்கம் வேறு, நியாயம் வேறு. வொன் துரோத்தாவும் தனக்கொரு விளக்கம் வைத்திருந்தார்.

எல்லாளனையும் நினைத்துப் பாருங்கள். எதிரியின் நூலான மகாவம்சமே அவனை நீதிமான் என்கிறது. அவனைக் கொன்ற துட்டகைமுனு அவனுக்குச் சமாதி எழுப்பி மரியாதை செய்யச் சொன்னான் என்றும் அதே நூல் சொல்கிறது. அநுராதபுரத்தில் நெடுங்காலம் எல்லாளன் சமாதி என்று சனம் நம்பிய மேடு, இருபதாம் நூற்றாண்டில் தொல்லியலாளர் பரணவிதானவின் ஆய்வுக்குப் பிறகு துட்டகைமுனுவின் சாம்பல் உள்ள தாதுகோபம் என்று பெயர் மாறியது. அதைக் கேட்டு எங்களுக்குக் கோபம் வருகிறது. வரவேண்டியதுதான். ஆதாரத்தைக் காட்டு என்று கேட்கிறோம். அப்படியென்றால் மன்னாரிலிருந்து ஒருவர் நல்லூர்ச் சிலையைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கும்போது நாங்கள் ஏன் முகத்தைத் திருப்புகிறோம்?

'இப்ப இதையெல்லாம் கிளற வேணுமோ, ஏற்கெனவே நொந்துபோன இனம், மன்னர்களின் பெருமையாவது மிஞ்சட்டும்' என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் வலி பொய் இல்லை. அடித்து நொறுக்கப்பட்ட சனத்துக்கு ஒரு அரசன் இருந்தான் என்ற நினைவு ஊன்றுகோல்தான். ஆனால் அந்தப் பெருமையைக் காப்பாற்ற ஒரு மாவட்டத்துத் தமிழரின் துக்கத்தை மறைக்க வேண்டும் என்றால், அந்தக் கணக்கு எங்களுக்குக் கட்டாது.

சிலையை உடை என்று நான் சொல்லவில்லை. அகற்றிய சிலை திரும்பி வந்த கதையைப் பேர்லினில் பார்த்தோம். நான் கேட்பது சின்ன விசயம். நியூசிலாந்துப் பள்ளிக்கூடங்களில் 2023இலிருந்து இந்த நாட்டின் வரலாறு கட்டாயப் பாடம். எங்கட பிள்ளையள் ரங்கியாஓவியாவையும் சமோவாவையும் வகுப்பில் படித்துவிட்டு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். அங்கே மன்னர் என்றால் வாளும் கொடியும் மட்டும்தான் என்று சொல்லிக்கொடுத்தால், அவர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு வரமாட்டார்கள். சங்கிலியன் நாடகம் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். அதில் மன்னாருக்கு ஒரு காட்சி வையுங்கள். சங்கிலியர் இருவர் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி சேருங்கள். நல்லூர்ச் சிலையின் அடியிலும் ஒருநாள் அந்த 600 பேருக்கு ஒரு வரி எழுதுங்கள். கிரேட் சவுத் வீதித் தூணின் கீழே ரங்கியாஓவியாவில் செத்தவர்களின் கதையும் வேண்டும் என்று நாங்கள் இங்கே மாவோரி மக்களோடு நின்று கேட்பதற்கு, அதன் பிறகுதான் எங்களுக்கு வாய் இருக்கும்.